முட்டியை மாற்றுவதற்கு முன்: ஓய்வு பெற்ற கால்பந்து ஆட்டக்காரர் ஒருவருக்குப் பதில்

மருத்துவனான எனக்கு வந்த இந்தக் கடிதம் மிக நீளமானது. பெயர், ஊர், ஆடிய கிளப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 41. பதினைந்து வருடம் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர், கடைசிவரை தடுப்பாட்டக்காரர். 24 வயதில் வலது முழங்காலில், தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு அதே முட்டியில் இரண்டு முறை, உள்பக்க மெனிஸ்கஸின் (எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) கிழிந்த பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். முக்கியமான ஆட்டங்களுக்கு முன் முட்டியில் ஊசி போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார். "ஏழெட்டு தடவை இருக்கும், கணக்கு வைக்கவில்லை" என்கிறார். ஆட்டத்தை விட்டு ஆறு வருடம் ஆகிறது. எடை 14 கிலோ கூடிவிட்டது. காலையில் எழுந்ததும் இருபது நிமிடம் முட்டி மடங்க மறுக்கிறது. மாலையில் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறார், வார இறுதியில் பழைய நண்பர்களோடு ஓர் ஆட்டம். ஆட்டத்துக்கு மறுநாள் முட்டி வீங்கிவிடுகிறது. தினமும் இரண்டு வேளை டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. "ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன்" என்று நடுவில் ஒரு வரி.

ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, முட்டி முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்று மூட்டு வைத்துவிடலாம் என்றாராம். இன்னொருவர் ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு திரும்ப வளரும் என்றாராம். கூட ஆடிய நண்பரோ, இனி ஓடவே ஓடாதே, இருக்கிறதையாவது காப்பாற்றிக்கொள் என்கிறார். இந்த மூன்றில் எது சரி என்று கேட்கிறார். ஊசி போட்டு ஆடியதுதான் முட்டியைக் கெடுத்ததா, அதற்குப் பழைய கிளப்பிடம் ஏதாவது கேட்க முடியுமா என்றும் கேட்கிறார். பன்னிரண்டு வயது மகன் கால்பந்துப் பயிற்சியில் இருக்கிறான். அவனை நிறுத்திவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

கடிதத்தில் இப்படி ஓர் இடம் வருகிறது: "பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் மாடியிலிருந்து இறங்குவேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக. அவர்கள் அதைப் பார்க்கக் கூடாது."

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் படிக்கட்டிலிருந்தே தொடங்குகிறேன். வெட்கப்பட்டு மறைக்கிறீர்கள், ஆனால் உங்களுடைய எக்ஸ்ரே சொல்லாத ஒன்றை அது எனக்குச் சொல்கிறது. முன்பக்கமாகப் படி இறங்கும்போது, மேல்படியில் நிற்கிற காலின் தொடைத் தசைதான் முழு உடம்பையும் தாங்கி, மெதுவாகக் கீழே இறக்கிவிட வேண்டும். அந்தத் தசைக்கு வலு போதாதபோது முட்டிச் சில்லுக்கு அடியில் அழுத்தம் கூடுகிறது, வலிக்கிறது, கால் நழுவிவிடுமோ என்று பயமும் வருகிறது. பின்பக்கமாக இறங்கினால் முட்டி மடங்கும் விதம் மாறி, தொடையின் வேலை குறைந்துவிடும். யாரும் சொல்லித் தராமலே உங்கள் உடம்பு இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. அப்படியென்றால் முட்டிக்குள் இருக்கும் தேய்மானத்தோடு, முட்டியைத் தாங்க வேண்டிய தசையும் கரைந்துபோயிருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பை என்னால் திருப்பித் தர முடியாது. தசையை நீங்களே திருப்பி எடுக்க முடியும். இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

என்னிடம் வருகிற முன்னாள் ஆட்டக்காரர்களிடம் முதலில் ஒரு சின்னச் சோதனை செய்வேன். சாதாரண உயரமுள்ள நாற்காலியில் உட்காரச் சொல்லி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்திருக்கச் சொல்வேன். காயம் படாத காலில் ஆறு, ஏழு முறை எழுந்துவிடுவார்கள். காயம் பட்ட காலில் ஒருமுறைகூட முடியாது. பாதி எழுந்து பொத்தென்று உட்காரும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரு காலத்தில் தன் எடையைவிட அதிகமான பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தி எழுந்தவர்கள் இவர்கள். அறுவை நடந்த முட்டியிலும், வீங்கிய முட்டியிலும், தொடைத் தசை முழுதாக இயங்காதபடி நரம்பு மண்டலமே அதைத் தடுத்துவைக்கிறது. வீக்கம் திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தடை நீங்காது. அணியில் இருந்தவரை தினசரிப் பயிற்சி அதை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஈடுகட்ட எதுவும் இல்லை.

ஓடினால் தேயும், உட்கார்ந்தால் தேயாதா?

உங்கள் நண்பர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் மனதில் முட்டி என்பது ஒரு டயர் மாதிரி இருக்கிறது, இத்தனை தூரம் ஓடினால் இத்தனை தேயும் என்று. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. எடை விழும்போது பஞ்சைப் பிழிவதுபோல அழுந்தி, எடை விலகும்போது திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அசைவே இல்லாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு.

2017இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காக உயர்மட்டத்தில் ஓடியவர்களில் 13.3 சதவீதம். கடைசி இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உச்சத்தில் உழைத்த மூட்டுக்கும் சும்மா கிடந்த மூட்டுக்கும் இடைவெளி அவ்வளவுதான். நீங்கள் முதலில் அந்த உச்சத்தில் இருந்தீர்கள், அப்புறம் ஒரேயடியாக நாற்காலிக்கு வந்துவிட்டீர்கள். வாரத்தில் ஐந்து நாள் தசைக்கு ஒரு வேலையும் இல்லை, ஆறாவது நாள் 90 நிமிட ஆட்டம். எந்த முட்டிக்கும் இது ஒத்துவராது.

கால்பந்து ஆடியவர்களுக்குத் தேய்மானம் அதிகம் என்பதும் உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். பின்லாந்தில் முன்னாள் முன்னணி வீரர்களின் முழங்கால்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1995இல் ஓர் ஆய்வு வெளியானது. துப்பாக்கி சுடும் வீரர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் தேய்மானம். ஓட்டக்காரர்களில் 14, கால்பந்து ஆடியவர்களில் 29, பளு தூக்கியவர்களில் 31. கால்பந்தில் இது ஓட்டத்தினால் மட்டும் வருவதில்லை. சட்டென்று நின்று திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்கிறது, ஜவ்வும் மெனிஸ்கஸும் கிழிகின்றன. தேய்மானத்தின் பெரும்பங்கு அந்தக் காயங்களுக்குப் போகிறது.

இங்கே உங்களுடைய ஓர் எண்ணத்தைத் திருத்த வேண்டும். "ஏசிஎல் அறுவை முடிந்தபோதே முட்டி சரியாகிவிட்டது, பிறகு நான்தான் கெடுத்துக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏசிஎல் அறுவை முட்டிக்கு நிலைப்பைத் தருகிறது, நீங்கள் திரும்ப ஆட முடிந்தது அதனால்தான். தேய்மானம் வராது என்ற உத்தரவாதத்தை அது தருவதில்லை. ஏசிஎல் கிழிந்தவர்களில், அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும், சுமார் பாதிப் பேருக்குப் பத்திலிருந்து இருபது வருடத்துக்குள் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்துவிடுகிறது. உங்களுக்குப் பதினேழு வருடம் ஆகிறது. மெனிஸ்கஸ் என்பது எடையைப் பரப்பித் தாங்கும் மெத்தை. அதில் இரண்டு முறை வெட்டி எடுத்திருக்கிறார்கள். உங்கள் முட்டி இந்த நிலைக்கு வர இவை இரண்டே போதுமான காரணங்கள். உங்களை நீங்களே திட்டிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

அந்த ஒரு வரி

ரத்த அழுத்த மாத்திரையை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். முழுக் கடிதத்திலும் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான், முட்டிகூட இல்லை.

டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவை ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். சில வகை ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேரும்போது சிறுநீரகத்துக்கு ஆபத்து இன்னும் கூடுகிறது. வெயிலில் வியர்த்து, உடம்பில் நீர் வற்றியிருக்கும் ஆட்ட நாளில் இரண்டையும் சேர்த்து விழுங்குவதை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது. இதய நோய், பக்கவாத அபாயத்தை முன்வைத்து ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இலேயே டைக்ளோஃபெனாக்குக்குக் கூடுதல் எச்சரிக்கை விதித்தது.

இந்த வாரமே உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்க்கும் மருத்துவரிடம் போய், எத்தனை நாளாக, எத்தனை மில்லிகிராம் எடுக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்திலும், கூடவே ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிக்கு, தோலில் தடவும் ஜெல் முழங்காலுக்கு நன்றாகவே வேலை செய்யும், ரத்தத்தில் கலப்பதும் மிகக் குறைவு. உங்களுக்கு அதுவாவது பொருந்துமா என்பதை அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்கு முன் மாத்திரை போட்டுக்கொள்கிற பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினைந்து வருடம் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம்: வலியைக் கண்டுகொள்ளாதே. அந்தப் பாடத்தால்தான் நீங்கள் அணியில் நிலைத்தீர்கள். அர்ஜென்டினாவின் கால்பந்து வீரர் பாடிஸ்டூட்டா 2005இல் ஓய்வு பெற்றவர். அதன்பின் கணுக்கால் வலி தாங்காமல், காலை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் கெஞ்சியதாக அவரே பின்னாளில் சொன்னார். உலகக் கோப்பைகளில் ஆடியவர் சொன்னது இது. வலியை மறைத்து ஆடப் பழகியவர்களுக்கு அதைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் போய்விடுகிறது. ஒன்று, அலட்சியம் செய்வார்கள். இல்லையென்றால் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அளவைத்தான் இப்போது நீங்கள் கற்க வேண்டும்.

மாற்று மூட்டு: எப்போது, எதற்காக

செயற்கை மூட்டு நல்ல சிகிச்சை. நான் அதற்கு எதிரி இல்லை. பொருத்தப்பட்ட முழு முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாக்குப்பிடிக்கின்றன. இந்த எண்ணைத்தான் உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கில் பெரும்பாலானவர்கள் முதியவர்கள். வயதைப் பிரித்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. எழுபதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களில், வாழ்நாளில் இன்னொரு முறை அறுவை தேவைப்படுவது சுமார் 5 சதவீதம் பேருக்கு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் அது 35 சதவீதம். உங்களுக்கு 41 தான். இப்போது வைத்தால், அறுபது வயதுக்குள் அதே முட்டியைத் திரும்பத் திறக்க வேண்டி வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம், பலனும் குறைவு. முதல் அறுவைக்குப் பிறகே ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள்.

டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி உலோக மூட்டோடு திரும்பி வந்து பட்டம் வென்றாரே, என்னால் முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் 2019 ஜனவரியில் அறுவை செய்துகொண்டு, அதே வருடம் அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் வென்றது உண்மை. ஆனால் அது இடுப்பு மூட்டு. எலும்பின் தலையை முழுக்க வெட்டாமல் உலோகத்தால் மூடும் வகை. இடுப்பு, கிண்ணத்துக்குள் உருண்டை சுழல்வது போன்ற எளிய அமைப்பு. முழங்கால் மடங்கும்போதே உருளும், வழுக்கும், லேசாகத் திரும்பவும் செய்யும். செயற்கை முழங்காலோடு நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். தடுப்பாட்டக்காரராக மைதானத்துக்குத் திரும்புவதற்காக ஒருவர் அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

டென்மார்க்கில் நடந்த ஒரு சோதனை 2015இல் வெளியானது. மாற்று மூட்டு தேவை என்று முடிவான 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அறுவையும் அதன்பின் பயிற்சியும். மறு பாதிக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, தேவைக்கேற்ப மருந்து. ஒரு வருடம் கழித்து அறுவை செய்துகொண்டவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்குத்தான் அதிகம். மறு பாதியினருக்கும் நல்ல முன்னேற்றம் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் அவர்களில் சுமார் நான்கில் ஒருவர்தான் அறுவைக்குப் போனார். உங்கள் வயதில் தள்ளிப்போட முடிகிற ஒவ்வொரு வருடமும் லாபம். தள்ளிப்போடுவது என்றால் சும்மா காத்திருப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மறு பாதியினர் சும்மா இருக்கவில்லை.

உங்களிடம் யாரும் பேசாத இன்னொரு வழியும் இருக்கிறது. கால் வெளிப்பக்கமாக வளைந்துகொண்டே வருகிறது, முட்டியின் உள்பக்கம்தான் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மெனிஸ்கஸ் போன பக்கமும் அதுதான். தேய்மானம் உள்பக்கத்தோடு நின்றிருந்தால், முட்டிக்குக் கீழே கால் எலும்பை வெட்டிக் கோணத்தை நிமிர்த்தி, எடையை நன்றாக இருக்கும் பக்கத்துக்கு மாற்றிவிடும் அறுவை உண்டு. ஆஸ்டியோடமி என்பார்கள். உங்கள் மூட்டு உங்களிடமே இருக்கும். நாற்பதுகளில் இருக்கும், உடல் உழைப்பை விடமுடியாத ஆட்களுக்கு இதைக் கட்டாயம் யோசித்துப் பார்க்க வேண்டும். இதைத் தீர்மானிக்க, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே தேவை. நீங்கள் அனுப்பியிருக்கும் படம் படுத்த நிலையில் எடுத்தது. எடை விழாத முட்டியில் எலும்புகளுக்கு இடையே உண்மையான இடைவெளி தெரியாது, வளைவும் தெரியாது. அந்தப் படத்தை மட்டும் வைத்து மாற்று மூட்டு என்று முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊசிகள்

ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு திரும்ப வளரும் என்பதற்கு இன்றுவரை நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. செல் ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட பெரிய சோதனை ஒன்று 2023இல் வந்தது. ஒரு வருட முடிவில் வலியில் எதுவும் எதையும் விஞ்சவில்லை. உங்கள் ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் பிஆர்பி ஊசியை, மருந்தே இல்லாத உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டார்கள். 2021இல் வந்த அந்த முடிவிலும் வலியிலோ குருத்தெலும்பிலோ வித்தியாசம் இல்லை. அந்த ஊசிக்குப் போடும் பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் பல மாதம் போகலாம்.

இனி உங்கள் குற்ற உணர்வு. அந்த ஏழெட்டு ஊசிகளில் எது மரத்துப்போகச் செய்யும் மருந்து, எது ஸ்டீராய்டு என்பது உங்களுக்கே தெரியவில்லை. ஸ்டீராய்டு ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் போட்டுப் பார்த்த சோதனை 2017இல் வந்தது. உப்புநீர் போட்டவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு சற்று அதிகமாகக் கரைந்திருந்தது, வலியிலோ வித்தியாசம் இல்லை. அடிக்கடி போடக் கூடாது என்பது அதிலிருந்து தெளிவு. பல வருடங்களில் பரவிக்கிடந்த ஏழெட்டு ஊசிகள்தான் உங்கள் முட்டியை முடித்தன என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மரத்துப்போன முட்டியோடு ஆடியபோது கூடுதலாகக் காயம் பட்டிருக்கலாம். அது தனிக் கேள்வி.

"முட்டிக்குள் கேமரா விட்டுக் கழுவிச் சுத்தம் செய்யலாம்" என்று யாராவது சொன்னாலும் யோசியுங்கள். 2002இல் தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையோடு அதை ஒப்பிட்டபோது, தேய்மான முட்டிக்கு அதனால் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்தது. முட்டி நடுவில் மாட்டிக்கொண்டு மடக்கவோ நீட்டவோ முடியாமல் போனால் மட்டும் விஷயம் வேறு. அப்போது உடனே காட்டுங்கள். முட்டி கொதித்துச் சிவந்து காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

பன்னிரண்டு வாரம்

அணியில் இருந்தபோது, உங்களுடைய ஒவ்வொரு நாள் பளுவையும் அளந்து கொடுக்க ஓர் ஆள் இருந்தார். இன்றைக்கு அந்த வேலையைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் உதவியோடு நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தொடை, பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால் நான்குக்கும். முதலில் இரண்டு காலாலும், வலு வந்த பிறகு ஒற்றைக்காலால். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தாழ்ந்த படி ஒன்றில் ஏறி மெதுவாக இறங்குவது, இயந்திரத்தில் காலால் பாரம் தள்ளுவது. மற்ற நாட்களில் சைக்கிள் அல்லது நீச்சல்.

வலியை இப்படி அளந்துகொள்ளுங்கள். சுத்தமாக வலி இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதது பத்து. பயிற்சியின்போது ஐந்துவரை வரலாம், அதனால் மூட்டு கெட்டுப்போகாது. 24 மணி நேரத்துக்குள் வலி பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். மறுநாள் முட்டி வீங்கினால் பயிற்சியை நிறுத்தாதீர்கள், அடுத்த முறை பாரத்தைக் குறையுங்கள். முதல் மூன்று, நான்கு வாரம் ஒன்றும் மாறாததுபோல இருக்கும். உங்களைப் போன்றவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுவதும் அங்கேதான், அல்லது ரோஷத்தில் பழைய பாரத்தை ஏற்றிவிடுவதும் அங்கேதான். பழைய எண்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்.

எடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பளு சுமார் நான்கு கிலோ குறைகிறது. பத்து கிலோ குறைத்தால் அடிக்கு நாற்பது. ஆட்டம் நின்றாலும் ஆட்டக்காரரின் பசி நிற்பதில்லை, பெரும்பாலான முன்னாள் வீரர்களின் எடை ஏறுவது இப்படித்தான். மூன்று மாதத்தில் ஐந்தாறு கிலோ குறைந்தாலே படிக்கட்டில் வித்தியாசம் தெரியும்.

வார இறுதி ஆட்டத்தை இந்தப் பன்னிரண்டு வாரத்துக்கு விட்டுவிடுங்கள். கேட்கவே கசப்பாக இருக்கும், தெரியும். அந்த ஆட்டத்தில் முட்டியைவிடப் பெரிய ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது. அதனால் மைதானத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை, போங்கள், நண்பர்களோடு இருங்கள், ஆடாதீர்கள். பிறகு, ஓடாமல் நடந்தே ஆடும் கால்பந்து இருக்கிறது, அதில் திரும்ப இறங்கலாம். சிறுவர்களுக்குப் பயிற்சி தருவதை நிறுத்த வேண்டாம். இரண்டு மணி நேரம் நின்றபடியே இருக்காமல் நடுநடுவே உட்காருங்கள். உதைத்துக் காட்ட வேண்டிய இடத்தில், நன்றாக உதைக்கும் ஒரு மாணவனைக் காட்டச் சொல்லுங்கள்.

கிளப்பிடம் கேட்பது

நான் மருத்துவன், சட்டம் என் துறை இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் முன்னாள் வீரர்கள் காலம் கடத்திவிட்டு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலை, அறுவைக் குறிப்புகள், ஊசி விவரங்கள், பழைய எம்ஆர்ஐ உட்பட, கிளப்பிடமும் மருத்துவமனையிடமும் எழுத்தில் கேளுங்கள். பல நாடுகளில் தன் மருத்துவப் பதிவைப் பெறுவது நோயாளியின் சட்டப்படியான உரிமை. வழக்கு எதுவும் போடாவிட்டாலும் உங்களுக்குச் சிகிச்சை தருபவருக்கு அவை தேவை. பதிவுகளை அழிக்க விதிக்கப்பட்ட காலம் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள்.

வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு கோருவதற்கும் காலக்கெடு உண்டு, நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் காயம் பட்ட நாளிலிருந்தும், சில இடங்களில் பாதிப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தும் எண்ணுவார்கள். உங்கள் நாட்டு வீரர்கள் சங்கத்தைக் கேளுங்கள். அவற்றுக்கெல்லாம் உலக அளவில் ஒரு கூட்டமைப்பு உண்டு, 1965இல் தொடங்கிய ஃபிஃப்ப்ரோ. பழைய ஒப்பந்தத்தில் நிரந்தர ஊனத்துக்கான காப்பீட்டு விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஊசி போடும்போது என்ன மருந்து, என்ன ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் அது கேட்க வேண்டிய கேள்விதான். அதைக் கேட்பதால் நீங்கள் ஆட்டத்துக்குத் துரோகம் செய்தவர் ஆகிவிடமாட்டீர்கள்.

மகன்

நிறுத்த வேண்டாம். உங்கள் முட்டியை இங்கே கொண்டுவந்தது முதலில் அந்த ஏசிஎல் காயம். அவனுக்கு அது வராமல் தடுக்க முயற்சி எடுக்கலாம். காயத் தடுப்புக்கென்றே ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் பயிற்சி இருக்கிறது, சிறுவர்களுக்கென்று தனி வடிவமும் உண்டு. ஒற்றைக்காலில் சமநிலை, குதித்துச் சரியாக இறங்குவது, விழப் பழகுவது என்று பதினைந்து, இருபது நிமிடம். 2018இல் வெளியான சோதனையில், அதைச் செய்த சிறுவர் அணிகளில் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. நீங்களே பயிற்சியாளர். நாளைக்கே தொடங்கலாம், அவனுக்கு மட்டுமல்ல, உங்களிடம் வரும் அத்தனை பிள்ளைகளுக்கும். வலிக்கிறது என்று ஒரு பையன் சொன்னால் அன்றைக்கு அவனை உட்கார வையுங்கள். உங்களை யாரும் அப்படி உட்கார வைத்ததில்லை என்று நினைக்கிறேன்.

படிக்கட்டில் நீங்கள் இறங்குவதை அவன் பார்க்கட்டும். மறைத்தால் அவன் கற்றுக்கொள்வது மறைப்பதைத்தான்.

நின்ற நிலை எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்ததும் அனுப்புங்கள், ஆஸ்டியோடமி பற்றி அப்போது விரிவாகப் பேசலாம். அதற்கு முன் இன்றைக்கே ஒரு நாற்காலியை சுவரோரம் போட்டு, வலது காலால் மட்டும் எத்தனை முறை எழ முடிகிறது என்று பார்த்து, தேதியோடு குறித்துவையுங்கள். பூஜ்யம் என்றாலும் பூஜ்யம் என்றே எழுதுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அதே நாற்காலியில் வரும் எண்ணையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.